கூறு போட்ட மாத்திரை

1. மூன்றும் மூன்றும்

அன்று செவ்வாய்க்கிழமை. தங்கவேல் அண்ணனின் புட்டியைத் தட்டில் கவிழ்த்தேன். மூன்று மாத்திரை விழுந்தது. ஒன்றுகூட விழுந்திருக்கக் கூடாது.

மருந்து ஆராய்ச்சியில் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாலு வாரத்துக்கு ஒரு முறை நோயாளிக்கு ஒரு புட்டி கொடுப்போம். உள்ளே இருபத்தெட்டு மாத்திரை, நாளுக்கு ஒன்று. கூடவே ஒரு டைரி. மாத்திரை போட்டதும் அந்தத் தேதியில் டிக் அடிக்க வேண்டும். அடுத்த விசிட்டுக்குக் காலிப் புட்டியும் டைரியுமாக வர வேண்டும். மிச்சம் இருந்தால் எண்ணி, ஏன் மிச்சம் என்று கேட்டு எழுதுவோம். பில் கவுன்ட் என்பார்கள். தங்கவேல் அண்ணனின் டைரியில் இருபத்தெட்டு டிக்கும் இருந்தது. அவர் மனைவி ராசாத்தி அக்கா அடித்த டிக். ஒவ்வொன்றும் கல்யாணப் பத்திரிகையில் போடுவது மாதிரி அழகாக இருக்கும்.

அடுத்து சரஸ்வதி அக்காவின் புட்டி. அவருக்கு அந்த மாதம் காய்ச்சல் வந்தது. கணவர் முருகேசன் அண்ணன் போன் பண்ணிக் கேட்டார். டாக்டர் ஆறு நாள் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். ஆக ஆறு மிச்சம் வர வேண்டும். இரண்டாவது தட்டில் விழுந்தது மூன்று.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினேன். மூன்றும் மூன்றும்தான். ஒன்றில் மூன்று கூடுதல், ஒன்றில் மூன்று குறைவு. ஒரு புட்டி உசிலம்பட்டியிலிருந்து வந்தது, இன்னொன்று சமயநல்லூரிலிருந்து வந்தது. இரண்டுக்கும் நடுவில் என்ன உறவு என்று எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

2. நான் பார்த்த வேலை

என் பெயர் மல்லிகா. சொந்த ஊர் எழுமலை. மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து இருபது வருஷம் வார்டில் ஓடினேன். முழங்கால் தேய்ந்த பிறகு, நரம்பியல் பிரிவில் ஸ்டடி கோஆர்டினேட்டர் என்று உட்கார வைத்தார்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றுதான் சொன்னார்கள். அதை நம்பிப் போனது என் தப்பு.

முதல் நாளே டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். "மல்லிகாம்மா, மாத்திரை மூளையில வேலை செய்யுதான்னு நான் பாத்துக்கிறேன். மாத்திரை மொதல்ல வயித்துக்குள்ள போகுதான்னு நீங்க பாருங்க."

அல்சைமர் நோய்க்கு அப்போது எங்கள் கையில் இருந்தது டோனெபெசில், மெமன்டின் மாதிரி நாலைந்து மருந்து. டோனெபெசில் என்ன செய்யும் என்றால், மூளையில் ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்குச் சேதி சொல்லும் ரசாயனம் சீக்கிரம் கரைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும். சிலருக்குக் கொஞ்ச காலம் தெளிவு இருக்கும். நோய் நிற்காது. இப்போது ஊசியாகச் சில மருந்துகள் வந்திருக்கின்றன. ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்குத்தான், அதுவும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும் அவ்வளவுதான். மூளையில் வீக்கம், ரத்தக் கசிவு வருகிறதா என்று அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டும். போன ஞாபகத்தைத் திரும்பக் கொண்டுவரும் மருந்து என்று எதுவும் இன்றுவரை என் கண்ணில் படவில்லை.

எங்களுக்கு வந்தது ஒரு புது மாத்திரை. அதற்குப் பெயர்கூடக் கிடையாது, நாலு எழுத்தும் ஒரு எண்ணும்தான். மூளையில் படியும் புரதக் கசடு சேராமல் தடுக்கும், அதனால் ஞாபகம் போவது மட்டுப்படும் என்று கம்பெனி எதிர்பார்த்தது. எலியிடம் தடுத்ததாம். மனிதரிடம் தடுக்குமா என்று பார்ப்பதுதான் ஸ்டடி. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறம், அதே அளவில் மருந்தில்லாத டம்மி மாத்திரை. எங்கள் பாஷையில் பிளாசிபோ. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும். நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஏற்கெனவே போடுகிற டோனெபெசிலை எல்லோரும் தொடர்ந்து போட்டுக்கொள்ளலாம்.

தெரியாமலே இருப்பதுதான் இந்த வேலையின் விதி. இருபது வருஷம் வார்டில், எந்த மருந்து எதற்கு என்று தெரியாமல் கொடுத்தால் வேலை போய்விடும் என்று பயந்தவள் நான். இங்கே தெரிந்துவிட்டால் வேலை போய்விடும். முதல் ஆறு மாதம் எனக்கே மறதி வந்துவிட்டதோ என்று சந்தேகம்.

3. நான் சொன்ன உதாரணம்

ஸ்டடியில் சேர்க்கும் முன் கன்சென்ட், அதாவது சம்மதம், வாங்க வேண்டும். கேமரா முன்னால் உட்கார வைத்து, தமிழில் அச்சடித்த பல பக்கத்தை வரி வரியாகப் படித்துக் காட்டி, புரிந்ததா என்று கேட்டுப் பதிவு செய்வோம்.

தங்கவேல் அண்ணன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆரப்பாளையம் உசிலம்பட்டி ரூட். ராசாத்தி அக்கா அந்தப் பக்கம் பல தலைமுறையாக நிலம் வைத்திருக்கும் குடும்பம். முருகேசன் அண்ணன் மில்லில் வேலை பார்த்தவர். அவருடைய அப்பா காலம் வரை பிறத்தியார் வயலில் கூலிக்குப் போன குடும்பம். இவர் காலத்தில்தான் வீடு கட்டி, கொஞ்சம் நிலம் வாங்கினார்கள். அவர் மனைவி சரஸ்வதி அக்கா டெய்லர். சமயநல்லூரில் அவர் தைத்த ஜாக்கெட் போடாத கல்யாணப்பெண் இல்லை என்று அண்ணன் சொல்வார்.

இரண்டு குடும்பமும் ஒரே நாளில் வந்தார்கள். கேமராக்காரப் பையன் டீ குடிக்கப் போயிருந்தான். சும்மா இருப்பானேன் என்று நான் பேச்சுக் கொடுத்தேன். டம்மி மாத்திரை என்றதும் ராசாத்தி அக்கா முகம் சுருங்கியது.

"டம்மியக் குடுத்து ஏமாத்துவீகளா சிஸ்டர்?"

"ஏமாத்தலக்கா. இப்ப நீங்க ரெண்டு குடும்பம் உக்காந்திருக்கீங்க. ஒருத்தருக்கு மருந்து, ஒருத்தருக்கு டம்மி. யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. பதினெட்டு மாசம் கழிச்சுப் பாத்தா மருந்து போட்டவங்க நல்லா இருக்காங்களான்னு தெரியும்."

நாலு முகமும் தெளிந்தது. பல பக்கத்தில் புரியாததை ரெண்டு வரியில் புரிய வைத்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை. நிஜத்தில் கம்ப்யூட்டர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் காசு சுண்டுவது போல முடிவு செய்யும். இந்த இருவருக்கும் மருந்தே வரலாம். இருவருக்கும் டம்மியே வரலாம். அது எனக்கு நன்றாகத் தெரியும். எளிமையாகச் சொல்கிறேன் என்று அப்படிச் சொல்லிவிட்டேன்.

பிறகு கேமரா வந்தது. காகிதத்தில் இருந்ததை ஒரு எழுத்து பிசகாமல் படித்தேன். புரிந்ததா என்று கேட்டேன். புரிந்தது என்று தலையாட்டினார்கள்.

4. பெயர்

அல்சைமர் நோயாளியின் வீட்டில் எது பெரிய கஷ்டம் என்று கேட்டால், ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொன்று சொல்வார்கள். சாவி தொலைப்பது, வழி தவறுவது, குளிக்க மறுப்பது. ராசாத்தி அக்கா சொன்னது வேறு.

"என்னைய அக்காங்கறாரு சிஸ்டர். பஸ்ல ஏறுற பொம்பளையாளுகள கூப்பிடுற மாதிரி. சோறு வச்சா, போதும்க்கா, நீங்க எங்க இறங்கணும்னு கேக்குறாரு. நாப்பது வருசம் குடும்பம் நடத்திட்டு நான் எங்க இறங்க?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு விசிட்டிலும் ஞாபக டெஸ்ட் வைப்பேன். சில சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்பது. கடிகாரம் வரையச் சொல்வது. இன்று என்ன கிழமை என்று தங்கவேல் அண்ணனைக் கேட்டால், "டிப்போவுல கேட்டுச் சொல்றேன்" என்பார். காளவாசல், நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணி, கருமாத்தூர் என்று நிறுத்தங்களை மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். சரஸ்வதி அக்கா டெஸ்டைக் கவனிக்கவே மாட்டார். என் ஜாக்கெட் கையை விரலால் சாண் போட்டுப் பார்த்து, "கை இறக்கம் பத்தல, யாரு தச்சது?" என்பார். ஒவ்வொரு மாதமும் இதே கேள்விதான்.

மூன்றாவது விசிட்டில் ராசாத்தி அக்கா படியேறும்போதே முகம் பளிச்சென்று இருந்தது.

"பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு சிஸ்டர். முந்தாநாளு கொல்லைல துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். ராசாத்தின்னு ஒரு சத்தம். நான் நெசமா பக்கத்து வீட்ல யாரோ கூப்பிடுறாகன்னு நெனச்சேன். திரும்பிப் பாத்தா அவருதான் வாசப்படில நிக்குறாரு. மழ வருது, துணிய எடுங்கறாரு."

"மழை வந்துச்சா?"

"எங்கிட்டு வந்துச்சு. அது கெடக்கட்டும் சிஸ்டர். பேரச் சொன்னாருல்ல."

முருகேசன் அண்ணனும் விடவில்லை. சரஸ்வதி ஊசியில் நூல் கோத்துவிட்டாள், வெகு நாளைக்கு அப்புறம் என்றார். டெஸ்ட் மார்க்கும் இருவருக்கும் கொஞ்சம் ஏறியிருந்தது. கடிகாரத்துக்கு முள் வந்திருந்தது, இடம்தான் தப்பு. ஃபைலில் எழுதினேன்: மனைவியைப் பெயர் சொல்லி அழைத்தார்.

அன்று முழுக்க எனக்குக் குழப்பம். இருவருக்குமே ஏறியிருக்கிறதே, அப்படியானால் இருவருக்குமே மருந்தா? அல்லது சொந்தக்காரர் வீட்டுக்கு வருவது போல மாதம் ஒரு முறை இங்கே வந்து ஆளோடு ஆள் பேசுவதால் வந்த தெளிவா? இப்படி யூகிக்கக் கூடாது என்பதற்குத்தான் கண்ணைக் கட்டி வைத்திருக்கிறார்கள். கட்டின கண்ணுக்குள்ளேயும் நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

5. கூறு

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். நோயாளிகள் இருவரையும் ஹாலில் உட்கார வைத்துவிட்டு, ராசாத்தி அக்காவையும் முருகேசன் அண்ணனையும் என் அறைக்குக் கூப்பிட்டேன். தட்டு இரண்டையும் முன்னால் வைத்தேன்.

"அக்கா, எல்லா நாளும் டிக் அடிச்சிருக்கீங்க. மூணு மாத்திரை எப்படி மிஞ்சுச்சு?"

ராசாத்தி அக்கா முருகேசன் அண்ணனைப் பார்த்தார். "சொல்லிருவமாண்ணே?"

"நீங்களே சொல்லுங்க தங்கச்சி."

"நீங்கதான சிஸ்டர் சொன்னீக, ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு மருந்து, ஒருத்தருக்கு டம்மின்னு. வீட்டுக்குப் போயி ரோசனை பண்ணேன். அவருக்கு மருந்தா அமஞ்சு, இந்த மதினிக்கு டம்மியா அமஞ்சா, மாசாமாசம் இந்தண்ணன் மூஞ்சில நான் எப்படி முழிக்க? மாறி அமஞ்சா நான் வயிறெரிஞ்சு சாகணும். அதான் கூறு போட்டுட்டோம்."

"என்னத்த கூறு போட்டீங்க?"

"மாத்திரையத்தான்."

பங்குக் கறி தெரியாதவர்களுக்காக ஒரு வரி. தீபாவளிக்கு எங்கள் பக்கம் பத்து வீடு சேர்ந்து ஆடு எடுப்போம். அறுத்த பிறகு ஈரல் ஒருவருக்கு, எலும்பு ஒருவருக்கு என்று கொடுப்பதில்லை. எல்லாவற்றையும் கலந்து, ஈரலில் ஒரு துண்டு, கொழுப்பில் ஒரு துண்டு, எலும்பில் ஒரு துண்டு என்று பத்துக் கூறு போடுவோம். நல்லதும் சுமாரும் எல்லாக் கூறிலும் சமமாக இருக்கும். யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது.

அதைத்தான் இவர்கள் செய்திருக்கிறார்கள். என்னிடம் புட்டி வாங்கியதும் கேண்டீனுக்குப் போவது. மூலை மேஜையைத் துடைத்து, பேப்பர் விரித்து, இரண்டு புட்டியையும் கொட்டுவது. ஐம்பத்தாறு மாத்திரையையும் கலந்து, இப்படி ஒன்று அப்படி ஒன்று என்று இருபத்தெட்டு இருபத்தெட்டாகப் பிரித்து மூடுவது. முதல் மாதத்திலிருந்தே இதுதான் நடந்திருக்கிறது.

"கை கழுவிட்டுத்தான் சிஸ்டர் பிரிப்போம்" என்றார் முருகேசன் அண்ணன். அதையும் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பிறகு லேசாகச் சிரித்துக்கொண்டு, "எங்க பக்கம் பங்குக் கறி போட்டா எங்க தெருவுக்குத் தனியாத்தான் போடுவோம். ஊர்க்காரங்க கறியில எங்களுக்குக் கூறு கெடையாது. இந்தத் தங்கச்சி கூடத்தான் மொத மொதல்ல ஒரே பங்கு" என்றார்.

அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கோபமும் வந்தது. எதை முதலில் காட்டுவது என்று தெரியவில்லை.

"சரி, மூணும் மூணும்?"

"மதினிக்குக் காய்ச்சல்ல ஆறு நின்னுபோச்சுல்ல" என்றார் ராசாத்தி அக்கா. "போன்ல சொல்லியிருந்தாலும் புட்டியப் பாத்தா உங்க மூஞ்சி மாறும். அண்ணன் மட்டும் எதுக்குத் திட்டு வாங்கணும்? அதான் இன்னைக்குக் காலைல கேண்டீன்ல ஆளுக்கு மூணா வச்சுக்கிட்டோம். டைரில எல்லா நாளும் டிக் அடிச்சிருந்தது எனக்கு நெனப்பு வரல."

திட்டையும் கூறு போட்டிருக்கிறார்கள். நான் திட்டவே இல்லை.

6. காரணம் என்ற கட்டம்

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்து மூடினார்.

"டேட்டா போச்சு, அது கெடக்கட்டும் மல்லிகாம்மா. இவங்க புட்டிய அவங்க போட்டு, யாருக்காவது ரியாக்‌ஷன் வந்திருந்தா எந்தப் புட்டின்னு தேடுவோம்? ரெண்டு பேருக்கும் ஸ்டடி மாத்திரைய நிறுத்தணும். டீவியேஷன் ரிப்போர்ட் போடுங்க."

நிறுத்துவது சரிதான். அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. திரும்பி வந்து அவர்களிடம் சொன்னேன். முருகேசன் அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சரஸ்வதி அக்காவைக் கைப்பிடித்து எழுப்பினார். ராசாத்தி அக்கா மட்டும் என் மேஜையை விட்டு நகரவில்லை.

"தப்பு என் மேலதான் சிஸ்டர். கூறு போடலாம்னு நாந்தான் சொன்னேன். அவருக்கு மாத்திரைய மட்டும் நிறுத்தாதீக. மறுபடி என்னைய அக்காம்பாரு."

"என் கையில இல்லக்கா."

"உங்க கையாலதான குடுத்தீக."

டோனெபெசில் தொடரும், அதை விடாமல் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

பிறகு அந்த விதிமீறல் ரிப்போர்ட்டை எழுத உட்கார்ந்தேன். என்ன நடந்தது என்று ஒரு கட்டம். எப்போது தெரிந்தது என்று ஒரு கட்டம். காரணம் என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் பேனா நின்றது. அந்த உதாரணத்தைச் சொன்னவள் நான். கேமரா முன்னால் சொல்லவில்லை. எங்கள் வேலையைச் சரிபார்க்கும் கம்பெனி மானிட்டர் வந்து வீடியோவைப் போட்டுப் பார்த்தாலும் நான் படித்தது வரி வரியாகச் சரியாக இருக்கும். எனக்கு ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம் இருந்தது. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். இதெல்லாம் சமாதானம் என்று எனக்கே தெரியும். இருந்தாலும் எழுதினேன்: பராமரிப்பவர்களுக்கு விதிமுறை புரியவில்லை.

அடுத்த மாதம் மானிட்டர் வந்தார். சின்னப் பெண், சென்னையிலிருந்து. வீடியோவைப் பார்த்துவிட்டு, "உங்க எக்ஸ்ப்ளனேஷன் ரொம்ப க்ளியரா இருக்கு மேடம். அவங்க சைடுதான் மிஸ்டேக்" என்றார். நான் டீ சொல்லிவிட்டு வந்தேன்.

டோனெபெசில் வாங்க வரும்போது ராசாத்தி அக்காவை ஓபியில் பார்ப்பேன். ரெண்டு மூன்று மாதத்திலேயே தங்கவேல் அண்ணன் பெயர் சொல்வது நின்றுவிட்டது என்றார். மாத்திரையை நிறுத்தியதால்தான் என்று அவர் நம்பினார். என்னைக் குறை சொல்லவில்லை. தன்னைத்தான் சொல்லிக்கொண்டார். "நான் சும்மா இருந்திருந்தா அவருக்குக் கெடச்சிருக்கும். ஊருக்கு நாயம் பண்ணப் போயி வீட்டக் கெடுத்துக்கிட்டேன்." இதைக் கேட்டுக்கொண்டு நான் பிபி பார்ப்பேன். எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

7. கவர்

இரண்டு வருஷம் கழித்து ஸ்டடி முடிந்தது. மருந்து போட்டவர்களுக்கும் டம்மி போட்டவர்களுக்கும் சொல்லும்படியாக வித்தியாசம் இல்லை என்று கடிதம் வந்தது. இந்த நோய்க்கு வருகிற மாத்திரைகளில் பல இப்படித்தான் போகின்றன. எலியிடம் ஜெயித்துவிட்டு நம்மிடம் வந்து தோற்கும்.

அதே கவரில் யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்ற பட்டியல். அன்பிளைண்டிங் என்பார்கள். எங்கள் சென்டரின் பக்கத்தைத் திறந்தேன். தங்கவேல் அண்ணனின் எண்ணுக்கு நேரே பிளாசிபோ. விரலை வைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். சரஸ்வதி அக்காவின் எண்ணுக்கு நேரே பிளாசிபோ.

இரண்டு புட்டியிலும் டம்மி. டம்மியை டம்மியோடு கலந்து, கை கழுவி, சரிபாதியாகக் கூறு போட்டிருக்கிறார்கள். நான் அதற்காக இருவரையும் நிறுத்தியிருக்கிறேன். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது.

அப்படியானால் அந்த மூன்றாவது மாதம் நடந்தது என்ன? சரஸ்வதி அக்கா நூலை எப்படிக் கோத்தார்? மார்க் எப்படி ஏறியது? டாக்டரைக் கேட்டேன். "இந்த நோயில நல்ல நாளும் வரும், மோசமான நாளும் வரும். டெஸ்ட் பழகிப்போனாலும் மார்க் ஏறும். நம்பிக்கையிலயும் ஏறும். இதுல எதுன்னு கேட்டா எனக்குத் தெரியல மல்லிகாம்மா" என்றார். அவர் தெரியவில்லை என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

முருகேசன் அண்ணனுக்குப் போனில் சொன்னேன். சரஸ்வதி அக்கா அப்போது படுக்கையில். "ரெண்டும் டம்மியா" என்று அண்ணன் ரெண்டு தடவை கேட்டார். பிறகு, "அந்தத் தங்கச்சிகிட்ட நீங்க நேர்ல போயிச் சொல்லுங்க சிஸ்டர். போன்ல வேணாம். அவுக ரொம்ப நாளா மனசுல வச்சுப் புழுங்குறாக" என்றார்.

8. உசிலம்பட்டி

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். கருமாத்தூர் தாண்டும்போதே சொல்ல வேண்டியதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஒன்றும் சரியாக வரவில்லை.

தங்கவேல் அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "உள்ள தள்ளிப் போங்கக்கா, வழில நிக்காதீங்க" என்றார். உள்ளே தள்ளிப் போனேன். ராசாத்தி அக்கா காபி போட எழுந்தார். கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"அக்கா, ரிசல்ட் வந்துருச்சு. அண்ணனுக்கு வந்தது டம்மி. சரஸ்வதி அக்காவுக்கும் டம்மி. ரெண்டு புட்டிலயும் மருந்தே இல்ல. நீங்க கலந்ததால யாருக்கும் எதுவும் கெட்டுப்போகல."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மிச்சத்தைச் சொல்லாமல் வந்துவிடுவேன் என்று பயம்.

"இன்னொன்னு. ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு மருந்துன்னு நான் சொன்னேன்ல, அது தப்பு. தப்பாச் சொன்னது நான். ரிப்போர்ட்ல உங்களுக்குப் புரியலன்னு எழுதிட்டேன். உங்களுக்குப் புரிஞ்சது நான் சொன்னதுதான்."

"அதுக்கென்ன சிஸ்டர் இப்ப" என்றார். அதைக் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை. அவர் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தார். வாசல் பக்கம் திரும்பி அண்ணனின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப மாத்திரைல ஒண்ணுமே இல்ல?"

"ஒண்ணுமே இல்லக்கா."

"மாவுதான்?"

"மாவுதான்."

"அப்ப அன்னைக்கு ராசாத்தின்னு கூப்பிட்டது?"

"தெரியலக்கா. டாக்டருக்கும் தெரியல."

ராசாத்தி அக்காவின் முகம் மெல்ல மாறியது. படியேறி வந்த அந்த மூன்றாவது விசிட்டில் பார்த்த முகம்.

"என்ன சிஸ்டர் தெரியலங்கறீக. மாத்திர கூப்பிடலன்னா அவராத்தான கூப்பிட்டிருக்காரு."

நான் திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனதும் முதல் வேலையாக நோட் டு ஃபைல் ஒன்று எழுதினேன். மூடிய ஃபைலில் பின்னால் தெரிந்த விஷயத்தைத் தேதி போட்டுச் சேர்ப்பதற்கு அதுதான் வழி. தவறான உதாரணம் சொன்னது கோஆர்டினேட்டர், பராமரிப்பவர்கள் அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஸ்டடியே மூடியாச்சே, இப்ப எதுக்கு என்றார் டாக்டர். படித்துப் பார்த்துவிட்டு அவரும் கையெழுத்துப் போட்டார். வேலை போகவில்லை. போயிருந்தாலும் போயிருக்கட்டும்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். எதிரே எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள். சொன்ன பிறகு, புரிந்ததா என்று கேட்காதீர்கள், என்ன புரிந்தது என்று அவர்கள் வாயால் சொல்லச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். தங்கவேல் அண்ணனின் ஃபைலில் மூன்றாவது விசிட்டுக்கு நேரே, மனைவியைப் பெயர் சொல்லி அழைத்தார் என்ற வரிக்குப் பக்கத்தில், காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது. அந்தத் திங்கட்கிழமை, தெரியவில்லை என்று நிரப்பத்தான் பேனாவை எடுத்தேன். அவராத்தான கூப்பிட்டிருக்காரு என்று ராசாத்தி அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. பேனாவை மூடிவிட்டேன்.